திருக்கழுக்குன்றத்திலிருந்து கடல் வரை, ரிவர்ஸ் கியரில்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஏரியும் வயலும் பார்த்துக்கொண்டு போகலாம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த வழியின் பின்பாதியை, பன்னிரண்டு கிலோமீட்டரை, என் மனைவி தேவகி ஒரு மாருதி 800 காரில் ரிவர்ஸ் கியரிலேயே ஓட்டி முடித்தாள். அதுவும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல். அந்த வண்டியின் பின் சீட்டில் நான் இருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், கணவனுக்கு மட்டும் அந்த உரிமை கிடையாதா? பெருமையாகத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

2002ஆம் வருட மாசி மகம். விடியுமுன் நாலரை மணிக்குச் செங்கல்பட்டு வீட்டிலிருந்து கிளம்பினோம். தேவகி ஸ்டீயரிங்கில், நான் பக்கத்தில், மூன்று வயது மகள் கயல் என் மடியில் தூக்கத்தில். முந்தின நாளே இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டாயிற்று. லாரி ஸ்பேர் கடையில் ஜோடி நூற்றெண்பது ரூபாய் கொடுத்து வாங்கிய இரண்டு பெரிய கண்ணாடிகள் காரின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தன. அந்தச் சின்ன வண்டிக்கு அவை யானைக்காது மாதிரி இருந்தன. கொளவாய் ஏரிப் பக்கம் குளிர்காற்று நன்றாகவே வீசியது. முதல் பதினெட்டு கிலோமீட்டர் எல்லாரையும்போல முன்னோக்கித்தான் போனோம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தேவகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்றால் ஒரு பலகை, இந்த ஒரு கார், அவள். நர்ஸ்கள், டீச்சர்கள், கடைக்காரர் மனைவிகள் என்று எத்தனையோ பேர் அவளிடம் படித்து லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். பாஸாகாத ஒரே மாணவன் நான். நான் கோவில்பட்டிக்காரன், கல்பாக்கத்தில் உத்தியோகம். எனக்கு சைக்கிளும் ஆபீஸ் பஸ்ஸும் போதும் என்று அவளே சொல்லி நிறுத்திவிட்டாள்.

கயல் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிறந்த குழந்தை என்று சொல்ல முடியாது, ஒரு முருங்கைக்காய்க் கட்டளவுகூட எடை கிடையாது. உள்ளே போய்த் தொடக் கூடாது, வெளியே நின்று பார்க்கலாம். தேவகி அந்தக் கண்ணாடியின் முன்னால் நாள் கணக்கில் நின்றாள். உட்காரச் சொன்னால் கேட்க மாட்டாள், கண்ணை எடுத்தால் பிள்ளை போய்விடும் என்று நம்பினாள். அங்கே நின்றபடிதான் தன் ஊர் செல்லியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். "இப்ப என் புள்ள மூஞ்சியப் பாத்துகினு நிக்கிறேன் பாரு, இதே மாதிரி கடல் வரைக்கும் உன் மூஞ்சியப் பாத்துகினு வர்றேன். இவளக் குடுத்துடு."

அவள் ஊரில் 'எதிர்முகம்' என்று ஒரு வழக்கம் உண்டு. மாசி மகத்தன்று செல்லியம்மனை டிராக்டரில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். வேண்டுதல் இருப்பவர்கள் அம்மனுக்கு முதுகைக் காட்டாமல், முகத்தைப் பார்த்தபடியே பின்னடியாக நடப்பார்கள். ஊர் எல்லை வரைக்கும்தான். எல்லைக்கு அப்புறம் எல்லாரும் வேனில் ஏறிக்கொள்வார்கள். கடல் வரை என்று யாரும் நேர்ந்துகொண்டதில்லை. கால்கடுக்க நடக்கிற தூரமா அது? தேவகி அந்த எதிர்முகத்தைத் தனக்குத் தெரிந்த வித்தையில் செய்வதாகச் சொன்னாள். ஊரில் சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், கார் ஓட்டுவதெல்லாம் ஒரு வேண்டுதலா என்று. பூசாரி முனுசாமி மாமாதான் தீர்த்து வைத்தார். "காவடி எடுக்கிறவன் தோளால எடுக்கிறான். இவளுக்கு வண்டி ஓட்ட வரும், அத்த செய்றா. ஆனா நடக்கிறவங்களுக்கு இன்னா சட்டமோ அதான் உனக்கும். முன்னாடி ஒரு அடி போவக் கூடாது. மூஞ்சியத் திருப்பக் கூடாது."

இங்கேதான் சிக்கல். காரை ரிவர்ஸ் எடுக்கும் மனிதன் என்ன செய்வான்? தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்ப்பான். தேவகி தன் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். இந்த வேண்டுதலில் அது கூடாது. வண்டி பின்னால் போக வேண்டும், கண் முன்னால் இருக்க வேண்டும்.

முந்தின வருடம் கண்ணாடிகளை மட்டும் நம்பி ஓட்டினாள். பாதி தூரம் வந்துவிட்டோம். ஒரு திருப்பத்தில் கன்றுக்குட்டி குறுக்கே ஓடி, யாரோ பின்னாலிருந்து கூச்சல் போட, கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. ஒரு நொடிதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை. தேவகி வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, பூசாரியிடம் போய், "திரும்பிட்டேன் மாமா" என்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அன்றிரவு நான் வாயைத் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த வேண்டுதல் முடியாமல் கயலுக்கு முதல் மொட்டை போட முடியாது. அதனால் பிள்ளையின் முடி பிறந்ததிலிருந்து கத்திரியே படாமல் முதுகு வரை வளர்ந்து, சிக்கு விழுந்து, ஒவ்வொரு நாள் காலையும் சீப்புக்கும் அழுகைக்கும் நடுவில் எங்கள் வீடு விடிந்தது. ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் "இன்னும் முடிக்கலியா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு தேவகி பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் நானே அவளுடைய பின்கண் ஆவது என்று முடிவாயிற்று. நான் பின் சீட்டில் முட்டி போட்டு, பின்கண்ணாடியைப் பார்த்தபடி வழி சொல்ல வேண்டும். செங்கல்பட்டுக்கு வெளியே புதிதாக மனை பிரித்திருந்த காலி நிலத்தில் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழகினோம். முதல் நாளே வம்பு. நான் பின்னால் பார்த்து உட்கார்ந்து "இடது" என்பேன், அது அவளுக்கு வலது. ஒரு எல்லைக்கல்லில் பம்பரை மோதிய பிறகு, அவள் என்ஜினை அணைத்துவிட்டு, "உன் இடமும் வேணாம் என் வலமும் வேணாம்" என்றாள். கோபம் வந்தால் மரியாதை ஒருமைக்கு இறங்கிவிடும். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் சாப்பாட்டு இலையைக்கூட "வடக்கே தள்ளிப் போடு" என்போம். அதைச் சொன்னேன். அவள் யோசித்து, போகப்போகிற ரோடு கிழக்கு மேற்காகத்தானே போகிறது, வடக்கே மெட்ராஸ், தெற்கே பாண்டி என்று வைத்துக்கொள்வோம் என்றாள். அன்று முதல் எங்கள் வண்டிக்கு இடமும் வலமும் கிடையாது, மெட்ராஸும் பாண்டியும்தான்.

ஐந்து மணிக்குத் திருக்கழுக்குன்றம் வந்துவிட்டோம். மலை இருட்டில் கறுப்பாகத் தெரிந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு ரூபாய் டீ. தேவகி குடிக்கவில்லை, அம்மன் கடலில் இறங்கும் வரை விரதம். அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போய், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அவள் ஊர். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பங்கள். இன்று கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, நாவலூர்ப் பக்கம் எழும்பும் பெரிய கட்டிடங்களில் எலக்ட்ரிக் வேலை, இரண்டு டீச்சர், ஒரு நர்ஸ், ஒரு டிரைவிங் பள்ளி முதலாளி. அந்த முதலாளியை எல்லாரும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அம்மனை ஏற்றிய டிராக்டரை ஓட்டுவது தேவகியின் அண்ணன் ஏழுமலை. என்னைவிட நாலு வயது பெரியவர், நல்ல உடம்பு, கேலியில் யாரையும் விட்டுவைக்காதவர். டிரெய்லரின் மேல் பலகை அடித்து உயரமாக அம்மன். சிவப்புப் பட்டு, வேப்பிலை மாலை, இத்தனை பெரிய கண்கள். கீழே டிராக்டர் சீட்டில் மச்சான். எதிரே இருந்து பார்த்தால் அம்மனின் பாதத்துக்கு நேர் கீழே அவர் தலை தெரியும்.

"மாப்ள, இந்த வருசம் நீதான் கண்ணா?" என்றார் என்னிடம்.

"ஆமா மச்சான்."

"அப்ப அம்மாதான் காப்பாத்தணும்."

கயலைத் தூக்கி டிரெய்லரில் அம்மன் காலடியில், மச்சானின் மனைவி மடியில் உட்கார வைத்தோம். தேவகியே அந்த இடத்தைச் சொன்னாள். காரிலிருந்து பார்த்தால் அம்மன் முகம், அதற்குக் கீழே பிள்ளை முகம். கண்ணாடிப் பெட்டி நாட்களை அவள் மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சூரியன் கிளம்பியிருந்த ஆறேமுக்கால் மணி. பம்பை முழங்க, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கினார்கள். முன்வைத்த காலைப் பின்வைக்க மாட்டான் என்று வீரனைப் புகழ்வார்கள். எங்கள் ஊர்வலத்தில் சக்கரத்தை முன்வைத்தால்தான் தோல்வி. தேவகி ரிவர்ஸ் கியரைப் போட்டாள். வண்டி ஒரு முனகலோடு நகர்ந்தது.

பின்னடியாகப் போவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டாதவர்களுக்குச் சொல்கிறேன், நானும் அவள் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். முன்னால் போகும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பி விட்டால் அது தானே நேராகிவிடும். பின்னால் போகும்போது அந்த நல்ல புத்தி அதற்குக் கிடையாது. கையைச் சற்றுத் தளர்த்தினால் திரும்பின பக்கமே மேலும் ஓடப் பார்க்கும், ஒவ்வொரு நொடியும் பிடித்து நிறுத்த வேண்டும். வாலை ஒரு சாண் ஒதுக்கினால் மூக்கு ஒரு முழம் வீசும். ரிவர்ஸ் கியர் தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கு வர ஏற்பட்டது, ஊர் விட்டு ஊர் போக அல்ல. அதன் ஊளைச் சத்தம் காதைத் துளைத்தது. புகை நாம் போகிற திசையில் பின்னால் இருந்து கிளம்பி ஜன்னல் வழியே உள்ளே வந்தது. கண் எரிந்தது. சூடு காட்டும் முள் மெதுவாக மேலே ஏறியது. சைக்கிள் வேகத்துக்கு மேல் போக முடியாது. போதாக்குறைக்கு மீட்டரில் கிலோமீட்டர் எண்கள் பின்னோக்கி உருண்டன. "பன்னெண்டு கிலோமீட்டர் ஓட்டி, வண்டிக்கு வயசக் குறைக்கிறேன்" என்றாள்.

வழியிலுள்ள நாய்கள்தான் பாவம். காரைத் துரத்தும் நாய் எப்போதும் வண்டியின் வாலைப் பிடித்து ஓடும். இந்த வண்டியில் வால் முன்னால் வருவதைப் பார்த்து, குரைத்துக்கொண்டே பின்வாங்கி, அப்புறம் மூக்குப் பக்கம் போய் டிராக்டரைக் கண்டு பயந்து, வயலில் இறங்கி நின்றுவிட்டன.

"மெட்ராஸ், கொஞ்சம் மெட்ராஸ். போதும். நேரா. சைக்கிள்காரர் வாரார், பாண்டி ஒதுங்கு. இன்னும் பாண்டி. நேரா." நான் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். ரோட்டோரம் நின்றவர்களுக்கு எங்கள் ஊர்வலம் ஒரு புரியாத காட்சி. கார் மெட்ராஸ் போகிறதா பாண்டிச்சேரி போகிறதா என்று ஒரு டீக்கடைக்காரர் மச்சானைக் கேட்டாராம். தேவகி யாரையும் பார்க்கவில்லை. அவள் பின்தலையும் காதும்தான் அவ்வப்போது கண்ணில் படும். காதுக்குப் பின்னால் வேர்வை வழிந்து ரவிக்கை நனைந்திருந்தது. நடுநடுவே டிரெய்லரிலிருந்து கயல் கையை ஆட்டினால், அவள் ஹார்னை மெதுவாகத் தட்டுவாள்.

போன வருடம் தோற்ற திருப்பத்தை நத்தை வேகத்தில் கடந்தோம். பம்பைக்காரர்கூட அடியைக் குறைத்துவிட்டார். கடந்ததும் மச்சான் டிராக்டர் ஹார்னை அழுத்தினார் பாருங்கள், வயலில் இருந்த கொக்கெல்லாம் எழுந்தன.

பூஞ்சேரி கூட்டு ரோட்டுக்கு முன்பே வெயில் எங்களுக்கு எதிரியாகிவிட்டது. நாங்கள் போவது கிழக்கே, காலைச் சூரியன் நேர் பின்னால். நூற்றெண்பது ரூபாய்க் கண்ணாடிகள் இரண்டிலும் இரண்டு சூரியன் கொதித்தது. "கண்ணாடில ஒன்னும் தெரிலங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நானும் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டை எடுத்துப் பின்கண்ணாடியின் மேல் பாதியை மறைத்துப் பிடித்துக்கொண்டு, அடியில் ரோட்டைப் பார்த்தேன். அதுவரை நான் அவளுக்கு ஒத்தாசை. அந்த நிமிடத்திலிருந்து எனக்குத் தெரிவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். சைக்கிளை ஸ்டாண்டு போடும்போதே கீழே தள்ளுகிற ஆள் நான்.

கூட்டு ரோட்டில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஓடி வந்தார். "இன்னாம்மா, வண்டி ரிப்பேரா? திருப்பி நிறுத்து." தேவகி அவர் பக்கம் முகத்தைத் திருப்பாமல், "வேண்டுதல் சார்" என்றாள். அவர் அம்மனைப் பார்த்தார், டிரெய்லரில் சிக்குத்தலையோடு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தார். "நல்லா வேண்டிக்கினீங்க போ" என்று முணுமுணுத்துக்கொண்டு, கல்பாக்கத்திலிருந்து வந்த லாரிகளைக் கையைக் காட்டி நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார்.

அதைத் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய்ப் பாலம். குறுகலான பாலம், தாழ்ந்த கைப்பிடிச் சுவர். நாங்கள் பாலத்தில் ஏறப் போகும்போது எதிரே ஒரு பஸ் பாலத்துக்குள் வந்துவிட்டது. எதிரே என்றால் எங்கள் வாலுக்கு நேரே. விடியற்காலையில் கடலில் முழுகிவிட்டுத் திரும்புகிறவர்கள் நிரம்பி, ஜன்னலெல்லாம் ஈரத்துணி தொங்கியது. "நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். பஸ் டிரைவர் ஏர்ஹார்னை அழுத்தினார், எங்கள் பின்கண்ணாடியிலிருந்து பத்தடி தூரத்தில். நானே சீட்டில் துள்ளிவிட்டேன். தேவகியின் பின்தலையைப் பார்த்தேன். கழுத்து ஒரு பக்கம் வெட்டியது.

"திரும்பாத," என்றேன். "நான் பாத்துக்கிடுதேன். நீ அம்மனப் பாரு."

கழுத்து அப்படியே நின்று, நேரானது.

நான் இறங்கிப் பஸ்ஸுக்கு ஓடினேன். டிரைவர் ஐம்பது வயதுக்காரர், காக்கிச் சட்டையின் காலருக்கு அடியில் மடித்த கைக்குட்டை.

"இன்னாத்துக்கு பின்பக்கமா வந்துகினு கீறீங்க? கார முன்னாடி எடுக்கச் சொல்லு, நான் போய்டறேன்."

"முன்னாடி எடுக்க முடியாதுங்க."

"ஏன், கியர் விழலியா?"

"விழும். போடக் கூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கயல் பிறந்ததிலிருந்து ஆரம்பித்து மூச்சுவிடாமல் சொன்னேன். பஸ்ஸில் முன் சீட்டில் ஈரச் சேலையோடு இருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "அம்மன் வருதுப்பா, வண்டியப் பின்னாடி எடுத்து வழிவுடு" என்றார். பஸ்ஸுக்குள் நாலு குரல் சேர்ந்துகொண்டது.

டிரைவர் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். "சும்மா கெடங்க. அம்மன் கும்புடுறது இருக்கட்டும். அந்தப் பொம்பள எங்கேர்ந்து ரிவர்ஸ்ல வருது?"

"திருக்கழுக்குன்றத்துக்கு இந்தப் பக்கமிருந்து."

"திரும்பிப் பாக்காமயா?"

"பாக்காம."

"இம்மாந்தூரம் அது வந்துகிது, நான் இந்தத் துண்டு பாலத்த எடுக்க மாட்டனா? யோவ் கண்டக்டர், எறங்கி விசிலு குடு."

கண்டக்டர் பின்னால் போய் நின்ற ஆட்டோக்களையும் வேன்களையும் ஒதுக்கி விசில் அடிக்க, பஸ் பின்னால் நகர்ந்தது. நான் ஓடி வந்து மறுபடியும் முட்டி போட்டேன். எங்கள் காரும் நகர்ந்தது. இப்போது செல்லியம்மனுக்கு முன்னால் இரண்டு வண்டிகள், ஒரு மாருதி, ஒரு பஸ், இரண்டும் அம்மனைப் பார்த்தபடி பின்னடியாகப் போய்க்கொண்டிருந்தன. கேட்காமலே பஸ் நிறைய ஜனத்துக்கு எதிர்முகப் புண்ணியம் கிடைத்தது.

பாலத்தின் மேல் இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர், நடுவில் வெயில், பின்னால் பஸ்ஸின் மூக்கு, காதில் விசில். "பாண்டி. சுவர் கிட்டக்க இருக்கு, மெட்ராஸ். மெட்ராஸ். நேரா, நேரா, நேரா." என் சொல் நின்றால் அவள் கை எங்கே போகும் என்று பயந்து, ஒன்றும் சொல்ல இல்லாதபோதும் "நேரா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தேவகி அந்த வார்த்தையின் மேல் காரை ஓட்டினாள். பன்னிரண்டு வருடக் குடும்பத்தில் நான் சொன்ன எதையும் அவள் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்தப் பாலத்தில்தான்.

பாலம் முடிந்ததும் பஸ் ஓரம் கட்டியது. நாங்கள் அதைக் கடந்தபோது டிரைவர் அவள் பார்வைக்குள் வந்தார். ஜன்னலில் இருந்து குனிந்து, "எந்த ஸ்கூல்ல கத்துகினமா?" என்று கேட்டார்.

"கத்துக்குடுக்கிறதே நாந்தான் அண்ணே," என்றாள் தேவகி. பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு.

மாமல்லபுரம் ஊருக்குள் கூட்டம். சிற்பிகளின் பட்டறைகளில் அன்றைக்கு உளிச்சத்தம் குறைவு, எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மணலுக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு முடியும் இடத்தில், எட்டரை மணி சுமாருக்கு, "போதும், கடல் தெரியுது" என்றேன். அவள் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை அணைத்தாள். அந்த ஊளை நின்றதும் உலகமே செவிடானது மாதிரி இருந்தது. ஸ்டீயரிங்கிலிருந்து விரல்கள் பிரியவில்லை, நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கதவைத் திறந்து இறங்கி, அம்மனை டிரெய்லரிலிருந்து இறக்கித் தோளில் தூக்கி வந்தவர்களுக்கு முன்னால், மணலில் பின்னடியாக நடந்தாள். கால் தடுமாறியது. அலை அவள் குதிகாலில் அடித்தபோதுதான் கண்ணை மூடினாள்.

மச்சான் டிராக்டரை விட்டு ஓடி வந்தார். யாரையும் சீண்டாமல் ஒரு வாக்கியம் பேசாதவர், தங்கை தலையில் கையை வைத்துக்கொண்டு, "பாப்பா" என்று மட்டும் சொன்னார். முனுசாமி மாமா அம்மன் கழுத்திலிருந்த வேப்பிலை மாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். முந்தின வருடம் முகம் சுளித்த பெரியவர் ஒருவர், தம் பேத்திக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று என்னிடம் விசாரித்தார். பீஸை மட்டும் சொன்னேன்.

கடற்கரையில் இருளர் குடும்பங்கள் முந்தின நாளே வந்து சேலைகளைக் கட்டிப் போட்டிருந்த கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கரையோரம் வரிசையாக மொட்டை அடிப்பவர்கள். ஐம்பது ரூபாய் பேசி, கயலை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேவகி எதிரே மண்டி போட்டு, பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று பார்த்தால் கயல் அழவில்லை. மூன்று வருடச் சிக்கு கற்றை கற்றையாக என் வேட்டியில் விழுந்தது. தலை லேசானதும் அவளுக்கே ஆச்சரியம், கையை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

கத்தி நெற்றிக்கு மேலே போனபோது மொட்டை அடிப்பவர் நிறுத்தினார். "இங்க இன்னா தழும்பு? வுழுந்துட்டதா?"

வலப்பக்கம், பொட்டு அளவில், வெளுத்த ஒரு வடு. பக்கத்திலேயே இன்னொன்று. கையில் நரம்பு கிடைக்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தலையில் ஊசி குத்திய இடம். முடி மூடிக்கொண்டதால் நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். நான் மறந்திருந்தேன் என்று சொல்வதே சரி. தேவகி ஒரு விரலால் அதைத் தொட்டாள். அன்று காலை முழுக்கத் திரும்பாதவள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. நானும் அழுதேன், வெட்கமென்ன.

மொட்டை அடித்து முடித்து, அவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். வழக்கப்படி தலை முழுக்கச் சந்தனம் பூச வேண்டும். தேவகி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"அந்த எடத்துல மட்டும் பூசாதீங்க அண்ணே."

"ஏம்மா? மறஞ்சிடும், அழகா இருக்கும்."

"மறைய வேணாம். என் பொண்ணு பொழச்ச எடம் அது, நாலு பேரு பாக்கட்டும்."

அவர் அந்த இடத்தைச் சுற்றி வளைத்துப் பூசினார். பிள்ளையை நான் தோளில் உட்கார வைத்துக்கொண்டேன். கரையோரம் கூட்டத்துக்குள் நடந்தபோது, பார்க்கிறவர்களெல்லாம் இதென்ன தலையில் என்று கேட்டார்கள். தேவகி ஒருவர் விடாமல் நின்று பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.